புதுப் பூங்காவுல பழமை பேச வாங்க: எங்க செட்டு ஆளுங்க ஓயாம கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர் செம்மொழிப் பூங்காவுல எடுத்த ரோசாப்பூப் படம் ஒண்ணை எங்க காலேஜ் செட்டு வாட்ஸப் குழுவுல போட்டாலும் போட்டேன், பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, சென்னைன்னு நாலாபக்கமிருந்தும் கேள்வியாக் கொட்டுது. ஒருத்தருக்குச் சொன்ன பதிலையே அடுத்தவங்களுக்கும் தட்டித் தட்டி விரல் நோகுது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். பூங்காவுக்குப் பக்கத்துல குடியிருக்கற பாவத்துக்கு இந்த வேலை எந்தலையில விழுந்துருச்சு. செட்டுல இல்லாதவங்களும் தாராளமாப் படிக்கலாமுங்க.

எந்தப் பூங்கா அம்மணி? நம்ம வ.உ.சி. பூங்காவைத்தான் பெயிண்ட் அடிச்சுப் பேர் மாத்திட்டாங்களா?

இல்லீங்க. இது காந்திபுரத்துல, மத்திய சிறை வளாகத்து நிலத்துல 45 ஏக்கர்ல புதுசா உண்டாக்கினது. 2025 நவம்பர் 25ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வெச்சாரு. செலவு 208.50 கோடி ரூபாய்.

வ.உ.சி. பூங்கா பழைய இடத்துலயேதான் இருக்குது. அங்க இருந்த மிருகக்காட்சி சாலைக்கு மட்டும் 2022ல அங்கீகாரம் போயிருச்சு. இருந்த இடம் பத்தலைங்கறதுதான் காரணம். அதுக்கப்புறம் அங்க இருந்த பிராணிகளை வேற இடங்களுக்குக் கொண்டு போனாங்க. நம்ம காலத்துல கட் அடிச்சுட்டு அங்க போய் முதலையைப் பாத்துட்டு நின்ன ஆளு யாருன்னு இங்க சொல்ல மாட்டேன். அவரு இப்ப பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியரா இருக்காரு.

இந்தப் பூங்கா பேச்சை எப்பவோ கேட்ட மாதிரியே இருக்குதே?

சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்கீங்க. 2010 ஜூன் 23ல இருந்து 27 வரைக்கும் கொடிசியா வளாகத்துல உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்துச்சே, அப்பவே கருணாநிதி அறிவிச்சது இது. அப்புறம் ஆட்சி மாறுச்சு, பேச்சு அடங்குச்சு. அடிக்கல் நட்டது 2023 டிசம்பர்ல. அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவுல 15 வருசம். மாநாட்டுச் சமயத்துல பொறந்த குழந்தைங்க எல்லாம் பத்தாவது பரிச்சைக்குப் படிச்சுட்டு இருக்கும்போது பூங்கா திறந்துருக்குது. அந்த மாநாட்டுக் கூட்டத்துல அவினாசி ரோட்டுல பஸ்சு நகராம நாம ஹோப் காலேஜ்ல இறங்கி நடந்தோமே, அதுக்கு இப்பத்தான் கூலி வந்து சேந்துச்சுன்னு வெச்சுக்கங்க.

சென்னையிலயும் செம்மொழிப் பூங்கா இருக்குதே. அதை நான் பாத்துட்டேன். இதையும் பாக்கோணுமா?

பேருதான் ஒண்ணு. சென்னைப் பூங்கா கதீட்ரல் ரோட்டுல, பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்துல 2010லயே திறந்தது. அங்க ஓட்டல் காலத்து மரங்கள் ஏற்கனவே நெடுநெடுன்னு நின்னுச்சு, நிழலும் கூடவே வந்துருச்சு. நம்மூர்ப் பூங்கா அதை விட ரெண்டு மடங்குக்கு மேல பெருசு. வயசுலதான் சின்னப்புள்ள. சென்னையில இருக்கறவங்க இங்க வந்து "அங்க மாதிரி நிழல் இல்லையே"ன்னு மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

எப்படி வந்து சேரறது?

ஈரோடு, திருப்பூர், கோபி, சத்தி பக்கத்துல இருந்து வர்றவங்களுக்குக் கவலையே இல்லை. உங்க பஸ்சு காந்திபுரத்துக்கே வருது, இறங்கி நடந்துரலாம். பொள்ளாச்சி, உடுமலை ஆளுங்க உக்கடத்துல இறங்கி டவுன் பஸ்சு பிடிக்கோணும். கரூர், திருச்சிப் பக்கம் இருந்தா சிங்காநல்லூர்ல இறங்கி அதே மாதிரி. மேட்டுப்பாளையம், ஊட்டிப் பக்கம் இருந்து வர்றவங்க மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் ஸ்டாண்டுல இறங்கோணும். எங்க இறங்கினாலும் "காந்திபுரம்"னு கேட்டு ஏறுங்க, அது இல்லாத பஸ்சு கோயமுத்தூர்ல கம்மி. நாங்க பொம்பளைங்க சாதாரண டவுன் பஸ்சுல ஓசியில வந்துருவோம். ஆம்பளைங்க டிக்கெட் எடுத்துட்டு வாங்க.

காருல வந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். கிராஸ்கட் ரோட்டுக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டத்தோட கூட்டமா நஞ்சப்பா ரோட்டுல நின்னு பொழுது போயிரும்.

டிக்கெட் எவ்வளவு? மாசச் சீட்டு உண்டா?

பெரியவங்களுக்கு 15 ரூபாய், பத்து வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு 5 ரூபாய்னு வெச்சாங்க. நடைப்பயிற்சிக்கு மாசம் 100 ரூபாய். கேமராவுக்குத் தனிக் காசு. ஈரோட்டு அக்கா "பூங்காவுக்குப் போயி காசா?"ன்னு கேட்டாங்க. எனக்கு இதுல வருத்தம் இல்லீங்க. 45 ஏக்கர் செடிக்குத் தண்ணி விடறதும் களை எடுக்கறதும் சும்மா நடக்காது. ஒரு டீயோட காசுதான். ஆனா கட்டடத் தொழிலாளி ஒருத்தர் பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, அம்மான்னு குடும்பத்தோட வந்தா 60 ரூபாய் ஆயிரும். மாசத்துல ஒரு நாளாவது யாருக்கும் கட்டணம் இல்லைன்னு வெச்சா நல்லாருக்கும். இது என் ஆசை.

எப்ப வந்தா நல்லாருக்கும்? ரோசாப்பூவைப் பாக்கோணும்னுதான் எனக்கு ஆசை.

அப்படீன்னா மார்கழி, தை. யோசிக்கவே வேண்டாம்.

ஆயிரத்துக்கும் மேல ரோசா ரகம் வெச்சிருக்காங்க. ஆனா ரோசா குளிருக்குப் பொறந்த செடி. ஊட்டி ரோசாப் பூங்கா 2,200 மீட்டர் உயரத்துல இருக்குது. நம்மூரு 400 மீட்டரைச் சுத்தி. இங்க மலைக்காத்து கொஞ்சம் கை குடுக்கறதால மத்த சமவெளி ஊருகளை விட ரோசாவுக்குக் கொஞ்சம் தோது. ஐப்பசி மழைச் சமயத்துல கவாத்து பண்ணி, அதாவது கிளையை வெட்டி விட்டா, புதுத் துளிர் வந்து மார்கழியில மொக்கு கட்டும். அப்பப் பூக்கறது உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். பங்குனி வெயில் ஏறுச்சுன்னா அதே செடியில பூ பாதியாச் சுருங்கிரும், நெறமும் வெளுத்துரும். சித்திரையில வந்துட்டு "படத்துல போட்ட பூ இதுவா?"ன்னு எங்கிட்டச் சண்டைக்கு வராதீங்க.

நேரம்னா வெடியால வாங்க. இல்லாட்டி பொழுதோட வாங்க. நடு மத்தியானம் ஆகாது. செடியும் மரமும் எல்லாம் இளசு, நடைபாதை பூராவும் வெயிலு. இந்தக் கட்டடம், விளக்கு எல்லாத்துக்கும் முன்னால ரெண்டு வருசம் முந்தியே வேம்பும் பூவரசும் நட்டு வெச்சிருந்தா இன்னிக்குத் தலைக்கு மேல நிழல் நின்னுருக்கும்னு எனக்கு ஒரு ஆதங்கம். கோயமுத்தூருக்கு மழை கொட்டறது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையிலதான். ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்றது முக்கால்வாசி காத்து, கால்வாசி தூறல். அந்த ஆடிக் காத்துல நடக்கறது ஒரு தனி சொகம். சேலை முந்தானையை மட்டும் கெட்டியாச் சொருகிக்கோணும்.

உள்ள என்னதான் இருக்குது?

செம்மொழி வனம், மூலிகைத் தோட்டம், மூங்கில் தோட்டம், நீர்த் தோட்டம், பாலைவனத் தோட்டம், மணம் கமழ் தோட்டம்னு இருபத்திச் சொச்சம் வகையாப் பிரிச்சிருக்காங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாக்கோணும்னு ஓடினா ஒண்ணுமே மனசுல நிக்காது. ரெண்டு தோட்டத்தை எடுத்துக்கங்க, மெதுவாப் பாருங்க, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைங்க.

நம்ம செட்டுல அதிகமாப் பேச்சு ஆனது நட்சத்திரத் தோட்டத்தைப் பத்தித்தான். 27 நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு மரம்னு சொல்ற வழக்கம் இருக்குதில்லீங்களா, பரணிக்கு நெல்லி, கார்த்திகைக்கு அத்தி, ரோகிணிக்கு நாவல், மகத்துக்கு ஆல், அனுசத்துக்கு மகிழம்னு. தங்கட நட்சத்திரம் தெரியாத ரெண்டு பேரு அங்க நின்னுட்டே ஊருக்கு போன் போட்டு அம்மாவைக் கேட்டாங்க. அதுல ஒருத்தரு அம்மாகிட்டப் பேசி ரொம்ப நாள் ஆச்சாம். மரத்துல ஆரம்பிச்ச பேச்சு, மாடு கன்னு போட்டது, மேக்கால வீட்டுச் சண்டை, சின்னப் பேத்தி நடை பழகினதுன்னு அரை மணி நேரம் ஓடுச்சு. நாங்க பக்கத்துல காத்துட்டு நின்னோம்.

எனக்கு வாய்ச்சது எட்டி மரம். அசுவினிக்காரிக்கு விசக்காய் மரத்தைக் குடுத்துட்டாங்கன்னு இன்னும் கேலி பண்ணிட்டு இருக்காங்க.

அங்க ராசாக்க சிலை எல்லாம் இருக்குதாமே, யாரு அவங்க?

கடையேழு வள்ளல்கள். பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினோம். மூணு பேருக்கு மேல யாருக்கும் வரலை, அது வேற கதை.

எனக்குப் பிடிச்ச விசயம் என்னன்னா, ஏழுல மூணு பேரு நம்ம பக்கத்து ஆளுங்க. வல்வில் ஓரி கொல்லிமலைக்காரன். ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையாத் துளைச்சான்னு வன்பரணர் பாடியிருக்காரு. நாமக்கல்காரரு இதைக் கேட்டதுல இருந்து கெத்தாத்தான் நடக்கறாரு. ஆனா அதே ஓரியைக் கொன்னது ஏழுல இன்னொருத்தனான காரி. கொன்னுட்டு கொல்லிமலையைச் சேரனுக்குக் குடுத்துட்டான். கொலைகாரனும் செத்தவனும் ஒரே வரிசையில வள்ளல்னு நிக்கறாங்க. குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா இதைச் சொல்லிப் பாருங்க, அப்பத்தான் சிலையை நிமுந்து பாப்பாங்க.

அதியமான் தகடூரு, இன்னிக்குத் தருமபுரி. தனக்குக் கிடைச்ச அருமையான நெல்லிக்கனியைத் தான் தின்னாம ஔவைக்குக் குடுத்தவன். பாரிக்குக் கபிலர், அதியமானுக்கு ஔவைன்னு பாத்தா, இவங்க குடுத்த தேரை விட, பொன்னை விட, கூட இருந்த சிநேகிதம்தான் பாட்டுல நின்னுருக்குது. பாரி செத்ததுக்கப்புறம் அவன் பொண்ணுங்களைக் கூட்டிட்டு ஊர் ஊரா அலைஞ்சவர் கபிலர். நம்ம செட்டுல யாரு யாருக்குக் கபிலர்னு ஒரு சண்டை ஓடுச்சு, முடிவு தெரியலை.

பேகன் ஆவியர் குடி, அவன் மலை பொதினி. அதைத்தான் பழனின்னு சொல்றாங்க. மயிலுக்குக் குளிருமேன்னு போர்வையைக் குடுத்தவன். இதை நம்ம பல்லடத்துக்காரருகிட்டச் சொன்னேன். அவரு மக்காச்சோளம் வெதைச்சா மயிலு வந்து கிளறி முளையைக் கொத்திட்டுப் போறதுல பொறுமை போன ஆளு. "போர்வையாமுல்ல போர்வை, அந்த ராசாவை எங்காட்டுல ஒரு நாள் ராக்காவல் இருக்கச் சொல்லு"ன்னாரு. நியாயந்தான்.

ஜெயில் பக்கத்துல பூங்கான்னா குழந்தைங்களைக் கூட்டிட்டு வர ஒரு மாதிரி இருக்குதே?

பயப்பட ஒண்ணுமில்லை. உள்ள இருந்து பாத்தா ஜெயிலுங்கற நினைப்பே வராது. ஆனா நினைப்பு வந்தா நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன்.

1872ல வந்த சிறை இது. வ.உ.சிதம்பரனாரை 1908 சூலையில இங்க கொண்டு வந்து அடைச்சாங்க. 1910 டிசம்பர் வரைக்கும் இருந்தாரு. தூத்துக்குடியில கப்பல் விட்ட மனுசனை இங்க மாட்டுக்குப் பதிலா செக்கிழுக்க விட்டாங்க. அவரு இழுத்ததாச் சொல்ற செக்கு இன்னும் சிறைக்குள்ள நினைவுச் சின்னமா இருக்குது. சிறையைப் பிளிச்சிப் பக்கம் கொண்டு போகற வேலை நடக்குது. அது முடிஞ்சா அந்தச் செக்கு எல்லாரும் நின்னு பாக்கற மாதிரி திறந்த இடத்துக்கு வரோணும். ரோசாத் தோட்டத்துல படம் எடுத்துட்டுத் திரும்பற புள்ளைங்க அதையும் ஒரு நிமிசம் பாத்துட்டுப் போகட்டும்.

எங்க தோப்பே பூங்கா மாதிரித்தான் இருக்குது. காசு குடுத்து மரம் பாக்க எதுக்கு அத்தனை தூரம் வரோணும்?

பொள்ளாச்சிக்காரர் கேட்டது. அவருக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

உங்க தோப்புல நீங்க தென்னையைப் பாக்கறதில்லீங்க, கணக்கைப் பாக்கறீங்க. 2016ல சுருள் வெள்ளை ஈ வந்ததுல இருந்து ஒவ்வொரு மட்டையையும் திருப்பித் திருப்பிப் பாக்கறதுதான் உங்க வேலை. அது போதாதுன்னு வாடல் நோயி. தோப்புக்குள்ள நடந்தா காய் விலை, பறிக்கூலி, சொட்டு நீர்க் குழாய் அடைப்பு இதுதான் கண்ணுக்குத் தெரியும். உங்க தோட்டத்துக்கு நாங்க வந்தாலும் நீங்க எளநி சீவறதுக்கு ஓடறீங்க, அக்கா சோறாக்க ஓடறாங்க. யாரு உக்காந்து பேசறது?

பூங்காவுல மரம் யாரோடதும் இல்லை. காய்ச்சாலும் பட்டுப் போனாலும் அது உங்க கணக்குல வராது. விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. திருப்பூர்க்காரர் ஒரு தடவை வந்தாரு. 2025ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து ஆர்டரு, ஆளுங்களுக்குச் சம்பளம்னு நம்ம குழுவுல அவரு போட்டதெல்லாம் நீங்களும் பாத்தீங்க. இங்க மூங்கில் ஓரமா நடந்துட்டே முதல் சுத்து பூரா அதைத்தான் பேசினாரு. ரெண்டாவது சுத்துல பையனுக்குப் பொண்ணு பாக்கறதைச் சொன்னாரு. மூணாவது சுத்துல, ஹாஸ்டல் வார்டன்கிட்ட மாட்டின கதையைச் சொல்லிச் சிரிச்சுட்டு இருந்தாரு. அன்னிக்கு வரி ஒண்ணும் குறைஞ்சுரலை. ஆனா அவரு அப்படிச் சிரிச்சு நாங்க பாத்து வருசமாச்சு.

ஓட்டல்ல உக்காந்தா சர்வர் பில்லோட வந்து நிப்பாரு. கல்யாண மண்டபத்துல மைக் செட்டு சத்தத்துக்கு மேல கத்தோணும். வீடுன்னா டிவி. நம்ம ஊருல நாலு பேரு ஒண்ணும் வாங்காம, ஒண்ணும் விக்காம, கால் வலிச்சா உக்காந்து, கோவிலுக்கும் போகாம, மூணு மணி நேரம் சேந்து இருக்க எத்தனை இடம் இருக்குதுன்னு எண்ணிப் பாருங்க. அதுக்குத்தான் அத்தனை தூரம் வரச் சொல்றேன். மரம் பாக்க இல்லை.

ரீல்ஸ் எடுக்கலாமா?

போன்ல எடுங்க, யாரு தடுத்தா. செடிக்குள்ள இறங்கி நிக்காம, பாட்டை அலற விடாம எடுங்க. ரோசாத் தோட்டத்துல கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை படப்பிடிப்புக்குக் குறுக்கால நம்ம ஈரோட்டு அக்கா நடந்து போயி, அவங்க ஆல்பத்துல இப்ப ஒரு பக்கத்துல இவங்களும் இருப்பாங்க.

சாப்பாடு?

வெளியிலதான். தூக்குப்போசியில அரிசிம்பருப்புச் சோறு கட்டிட்டு வந்து புல்லுல பந்தி விரிக்கற வேலை வேண்டாம். தண்ணி பாட்டில் போதும், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டு போங்க. நடை முடிச்சுட்டு காந்திபுரத்துப் பக்கம் வந்தீங்கன்னா தள்ளுவண்டிக் காளான் இருக்குது. நடந்து எளைச்ச ஒடம்பை அது ஒரே தட்டுல பழையபடி ஆக்கிரும்.

கோயமுத்தூர் வரைக்கும் வர முடியாதவங்க என்ன பண்றது?

உங்கூருல இருக்கறதை விட்டுட்டு இங்க ஏங்க வேண்டாம். திருப்பூர்க்காரங்களுக்கு நஞ்சராயன் குளம் இருக்குது. பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சு, 2024ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேத்தாச்சு. குளிர்காலத்துல இமயமலையைத் தாண்டிப் பறக்கற வரித்தலை வாத்து அங்க வந்து இறங்குது. சாயப்பட்டறை ஊருன்னு நாம சொல்ற ஊருக்கு அது வருது பாருங்க. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம், அதுவும் 2022ல ராம்சார் பட்டியல்ல ஏறினது. கோயமுத்தூருக்குள்ளயே கூட்டம் பிடிக்காதவங்களுக்கு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரையெல்லாம் இப்ப நடக்கற மாதிரி ஆக்கியிருக்காங்க. ரேஸ் கோர்ஸ் சுத்து ரெண்டரை கிலோமீட்டர், பெரிய மரத்து நிழலோட. உண்மையைச் சொன்னா, சித்திரை வெயில்ல நான் அங்கதான் போவேன்.

முழங்கால் வலி. என்னால உங்க கூட நடக்க முடியுமா?

நடக்க வேண்டாம். ஒரு பெஞ்சைப் பிடிச்சு உக்காருங்க, நாங்க சுத்தி வந்து வந்து உங்ககிட்ட நின்னு பேசிட்டுப் போறோம். எல்லாச் செய்தியும் உங்ககிட்டத்தான் முதல்ல வந்து சேரும்.

சரி, அடுத்து எப்பக் கூடறோம்?

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கறவங்க திரும்பி வந்து காலு ஆறினதுக்கப்புறம் வர்ற முதல் ஞாயித்துக்கிழமை, வெடியால ஆறரை மணி. கேட்டுக்கு வெளியில நிக்கோணும், "ரெண்டு நிமிசத்துல வந்தர்றேன்"னு வீட்டுல இருந்து மெசேஜ் போடக் கூடாது. பொள்ளாச்சிக்காரர் எளநி கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு, அதை வண்டியிலயே வெச்சிருங்க, வெளிய வந்து குடிச்சுக்கலாம். ஈரோட்டு அக்கா புது மஞ்சள் கேட்டவங்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வருவாங்க, காசு சில்லறையாக் குடுங்க. சென்னைக்காரங்க சேரன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடறதா இருந்தா இப்பவே போட்டுருங்க.